கார் ஸ்டீரியோ: புளூடூத்திலும் வயரிலும் நல்ல ஒலி வேண்டும், எதைப் பார்த்து வாங்குவது?

வைகைக்கரை (கேள்வி)

வணக்கம் நண்பர்களே. 2014 ஸ்விஃப்ட்டில் கம்பெனி ஸ்டீரியோவை மாற்றப் போகிறேன். என்னிடம் ஐபோன், மனைவியிடம் ஆண்ட்ராய்டு. அப்பா நாதஸ்வரக் கச்சேரிகளை ஃபிளாக் கோப்புகளாக (தரம் குறையாமல் சுருக்கிய பாட்டுக் கோப்பு) பென்டிரைவில் வைத்திருக்கிறார். அவர் ஏறினால் அதுதான் ஓடும்.

இப்போதைய செட்டில் இரண்டு குறை. புளூடூத்தில் தாளச் சத்தம் மழுங்கி வருகிறது. ஆக்ஸ் வயரில் (ஹெட்போன் பின் போன்ற ஒலி வயர்) தெளிவாக இருக்கிறது, ஆனால் போனை சார்ஜில் போட்டதும் ஒரு இரைச்சல். ஆக்சிலரேட்டரை மிதித்தால் அதுவும் கூடவே ஏறுகிறது.

ஒரு கடையில் பெரிய திரை ஆண்ட்ராய்டு ஸ்டீரியோவைக் காட்டி 4 ஜிபி ரேம், 50 வாட் × 4 என்கிறார்கள். இன்னொரு கடையில் எல்டேக் என்ற புளூடூத் ஒலி முறை இருந்தால்தான் நல்ல ஒலி என்கிறார்கள். ஸ்பீக்கரும் சேர்த்து 30,000 ரூபாய்க்குள் முடிக்க வேண்டும். எதை நம்புவது?

நெல்லை ஓட்டுநர்

முதலில் போனை சார்ஜில் போடாமல், பேட்டரியிலேயே வைத்து ஆக்ஸில் கேளுங்கள். இரைச்சல் போய்விட்டால் அது கிரவுண்ட் லூப். சார்ஜரும் ஆக்ஸ் வயரும் ஒரே போன் வழியாக காரின் கிரவுண்டைத் தொடுவதால், ஆல்டர்னேட்டரின் (எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் கருவி) சத்தம் உள்ளே நுழைகிறது. கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்று சின்னதாக ஒன்று கிடைக்கும், இடையில் மாட்டினால் அடங்கும். மலிவானதில் பேஸ் கொஞ்சம் குறையும்.

ஓம்விதி

நெல்லைக்காரர் சொன்னது சரி. இது புது செட் போட்டாலும் ஆக்ஸில் திரும்ப வரக்கூடியது. அதனால் வயர் என்றால் ஆக்ஸ் என்ற எண்ணத்தையே விட்டுவிடுங்கள் தம்பி. யுஎஸ்பி வழியாக, போன் செயலிகளை செட் திரையில் காட்டும் கார்பிளே (ஐபோனுக்கு) அல்லது ஆண்ட்ராய்டு ஆட்டோ ஓடினால், போனிலிருந்து பாட்டு எண்களாகவே செட்டுக்குப் போகிறது. அனலாகாக மாறுவது செட்டுக்குள்தான். சார்ஜும் அதே வயரில் ஏறிவிடும்.

அடுத்து வயர்லெஸ். இந்த ஒரு பெயருக்குள் இரண்டு வேறு விஷயங்கள் இருக்கின்றன, கடைக்காரர் பெரும்பாலும் பிரித்துச் சொல்வதில்லை. சாதாரண புளூடூத்தில் பாட்டு சுருக்கப்பட்டுத்தான் போகும். எஸ்பிசி என்ற சுருக்கும் முறை எல்லாச் சாதனத்திலும் கட்டாயம் உண்டு, வழக்கமாக 328 கேபிபிஎஸ் (நொடிக்கு இத்தனை கிலோபிட்) வரை. ஐபோன் ஏஏசி என்ற இன்னொரு முறையிலும் அனுப்பும், அத்தோடு சரி. சோனி உருவாக்கிய எல்டேக் 990 கேபிபிஎஸ் வரை போகும். ஆண்ட்ராய்டில் 2017-இல் வந்த 8.0 பதிப்பிலிருந்து அதற்கு ஆதரவு உண்டு, ஆனால் ஐபோனில் கிடையாது. ஆகவே எல்டேக்குக்காகக் கூடுதல் பணம் கொடுத்தால் பலன் உங்கள் மனைவியின் போனுக்கு மட்டுமே, அதுவும் அந்த போனில் அது இருந்தால்.

வயர்லெஸ் கார்பிளேயும் வயர்லெஸ் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் வேறு வகை. அறிமுகம் செய்துகொள்ள மட்டும் புளூடூத், அப்புறம் பாட்டு வைஃபையில் வருகிறது. புளூடூத்தின் நெருக்கடி அதில் இல்லை. மழுங்கிய தாளத்துக்கு உங்கள் வீட்டில் சரியான மருந்து இதுதான். இதற்கும் குறை உண்டு: பாட்டை மாற்றினால் ஒரு நொடி தாமதம், போன் சூடாகும், பேட்டரி இறங்கும். மதுரையிலிருந்து கொடைக்கானல் போகிற நாளில் வயரை மாட்டிவிடுங்கள், ஊருக்குள் வயர்லெஸ் போதும். மனைவியின் போன் ஆண்ட்ராய்டு 11 அல்லது அதற்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள்.

50 வாட் × 4 என்பதைக் காதிலேயே வாங்காதீர்கள். எஞ்சின் ஓடும்போது கிடைப்பது சுமார் 14.4 வோல்ட். 14.4-ஐ அதனாலேயே பெருக்கி, 4 ஓம் ஸ்பீக்கருக்கு 8-ஆல் (ஓமின் இரு மடங்கு) வகுத்தால் 26 வாட்கூட வரவில்லை. சிதையாத ஒலிக்கு அந்த மின்சாரத்தில் அதுதான் உச்சவரம்பு. நல்ல செட்டுகளே நடைமுறையில் 15 முதல் 22 வாட் வரைதான் தரும். விவரத்தாளில் ஆர்எம்எஸ் அளவை (தொடர்ந்து தரக்கூடிய வாட்) தேடுங்கள், அது இல்லை என்றால் அந்தப் பெட்டியை மூடி வைத்துவிடுங்கள். ரேம் எத்தனை ஜிபி என்பது வரைபடம் வேகமாகத் திறக்க உதவும், நாதஸ்வரத்துக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

வைகைக்கரை

ரொம்ப நன்றி அண்ணா. ப்ரீ-அவுட் (தனி ஆம்ப்ளிஃபயருக்கு ஒலி அனுப்பும் வாய்) 4 வோல்ட் என்று ஒரு செட்டில் பெருமையாகப் போட்டிருக்கிறார்கள். அது தேவையா? மீதிப் பணத்தை எங்கே போடுவது?

ஓம்விதி

பின்னால் தனி ஆம்ப்ளிஃபயர் போடுகிற எண்ணம் இருந்தால் 4 வோல்ட் நல்லது, வயரில் ஏறும் இரைச்சல் அமுங்கும். இல்லை என்றால் அதற்காகப் பணம் கொடுக்க வேண்டாம். முன் கதவு ஸ்பீக்கரில் போடுங்கள். கதவுக்குள் டேம்பிங் ஷீட் (அதிர்வை அடக்கும் தாள்) ஒட்டச் சொல்லுங்கள், தகரம் அதிர்வது நின்றாலே தவில் தனியாகத் தெரியும். அப்புறம் செட்டில் ஹை-பாஸ் ஃபில்டரை 80 ஹெர்ட்ஸ் பக்கம் வைத்துக் கேளுங்கள். சின்ன ஸ்பீக்கரால் முடியாத அடிச்சத்தம் வெட்டுப்பட்டு மற்றது சுத்தமாகும்.

பேட்டர்ஸ் ரோடு பக்கம்

சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையானாலும் மதுரையானாலும் ஒன்றைச் சொல்லியே வண்டியைக் கொடுங்கள்: கம்பெனி வயரை வெட்டக்கூடாது, உங்கள் மாடலுக்கான கப்ளரும் (வயரை வெட்டாமல் இணைக்கும் பிளக்) டேஷ்போர்டு ஃப்ரேமும் போட்டுத்தான் மாட்ட வேண்டும். ஸ்டீயரிங்கில் பட்டன் இருந்தால் அதற்கான அடாப்டரையும் அப்போதே கேளுங்கள். போன் பேசும் மைக்கை முன் கண்ணாடி ஓரத் தூணில் வையுங்கள். ஏசி காற்று நேராகப் படும் இடத்தில் வைத்தால் எதிரில் பேசுபவருக்கு இரைச்சல்தான் கேட்கும்.

வைகைக்கரை

நேற்று மாட்டியாயிற்று. வயர், வயர்லெஸ் இரண்டிலும் கார்பிளேயும் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் வருகிற செட், முன்னால் புது ஸ்பீக்கர். வயர்லெஸ்ஸிலேயே தாளம் கூர்மையாகக் கேட்கிறது, யுஎஸ்பியில் சார்ஜ் ஏறும்போதும் இரைச்சல் இல்லை. ஒரே சிக்கல்: அப்பாவின் 64 ஜிபி பென்டிரைவை செட் படிக்கவே இல்லை. கம்ப்யூட்டரில் போட்டால் எல்லாப் பாட்டும் இருக்கிறது.

நெல்லை ஓட்டுநர்

பென்டிரைவ் என்டிஎஃப்எஸ் என்ற ஃபார்மேட்டில் இருக்கும், பல செட்டுகள் அதைப் படிக்காது. பாட்டுகளை வேறிடத்தில் நகலெடுத்து வைத்துவிட்டு டிரைவை ஃபேட்32 என்ற ஃபார்மேட்டுக்கு மாற்றுங்கள். விண்டோஸின் வழக்கமான ஃபார்மேட் திரை 32 ஜிபிக்கு மேற்பட்ட டிரைவுக்கு அந்தத் தேர்வைக் காட்டாமல் போகலாம், அதனால் தனி மென்பொருள் தேவைப்படலாம். அல்லது 32 ஜிபி பென்டிரைவ் ஒன்றே வாங்கிவிடுங்கள்.

வைகைக்கரை

என்டிஎஃப்எஸ்தான். மாற்றியதும் எல்லாக் கோப்பும் ஓடுகிறது. நன்றி அண்ணா.