கோபுரம் முடங்கினால் கைப்பேசிகள் தாமாகவே பேசிக்கொள்ள முடியுமா?

கேள்வி (வேதாரண்யம்):
2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் எங்கள் பக்கம் கரையேறியபின், மின்சாரமும் கைப்பேசிக் கோபுரங்களும் நாள்கணக்கில் முடங்கியதால், பக்கத்து ஊர் உறவினரின் நிலையை அறியக்கூட ஆள் அனுப்ப வேண்டியிருந்தது. கோபுரமின்றிக் கைப்பேசிகள் நேரடியாகத் தொடர்புகொள்ள வழி உண்டா? வாட்ஸ்அப் அழைப்பு உதவுமா?

மறுமொழி (கும்பகோணம்):
உதவாது ஐயா. குரல் இரு கைப்பேசிகளுக்கிடையே நேரடியாகச் செல்லும்போதும், அழைப்பைத் தொடங்கி வைக்க அந்நிறுவனத்தின் சர்வர் தேவை. பிரையர் என்னும் ஆண்ட்ராய்டு செயலி, இணையம் இல்லாதபோது புளூடூத், வைஃபை வழியாகவே செய்திகளைக் கொண்டுசேர்க்கும். அருகருகே நின்று கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் ஒருவரையொருவர் சேர்த்துக்கொள்ளலாம். இப்போதே நிறுவிவிடுங்கள், புயலுக்குப் பின் பதிவிறக்க இணையம் இராது.

மறுமொழி (திருத்துறைப்பூண்டி):
அண்ணன் சொன்னது சரியே, ஆனால் புளூடூத் ஒரு தெருவைத் தாண்டாது. நம் ஊர்களுக்கு நடுவே வயல்கள் கிடக்கின்றன. அதற்கு, குறைந்த மின்திறனில் சிறு செய்திகளை நெடுந்தொலைவு அனுப்பும் லோரா என்னும் வானலை முறையே பொருத்தம். இந்தியாவில் 865–867 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையை, விதித்த திறன் வரம்புக்குள், உரிமமின்றிப் பயன்படுத்தலாம். மெஷ்டாஸ்டிக் மென்பொருள் ஏற்றிய உள்ளங்கையளவுக் கருவியைக் கைப்பேசியுடன் புளூடூத்தில் இணைத்தால், எழுதிய செய்தியை ஒரு கருவியிலிருந்து அடுத்த கருவி வாங்கி அனுப்பிக்கொண்டே போகும். குரல் அழைப்புக்கு அதன் வேகம் போதாது. சமவெளி நமக்குச் சாதகம், தென்னந்தோப்புகள் பாதகம். எனவே ஆன்டெனா தோப்புக்கு மேலே எழ வேண்டும். புயல் எச்சரிக்கை வந்ததும் அதைக் கழற்றி வைத்து, காற்று ஓய்ந்தபின் மீண்டும் ஏற்றுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. எங்கள் புயல் பாதுகாப்பு மையத்தின் மொட்டைமாடியில் ஒன்றை வைக்க ஊராட்சியில் கேட்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மழை மூட்டத்தில் சிறிய சூரியத் தகடு போதுமா?