பாலியல் சீண்டல் பற்றி எட்டாம் வகுப்புக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது? உதவி வேண்டும்

வணக்கம். மண்டபம் பக்கம் ஒரு கடலோரப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். 'குட் டச், பேட் டச்' எங்கள் பிள்ளைகளுக்கு மனப்பாடம். ஆனால் தப்பான எண்ணத்தோடு பஸ் ஸ்டாப் வரை தினமும் பின்னால் வருவது, உடம்பைப் பற்றி ஜாடையாகப் பேசுவது, போனில் ஆபாசப் படம் காட்டுவது இதெல்லாமும் பாலியல் சீண்டல்தான், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டத்தின் 11-ஆம் பிரிவிலேயே வருகிறது என்றால் விநோதமாகப் பார்க்கிறார்கள். பையன்களுக்கும் நடக்கும், 18 வயதுக்குட்பட்ட எல்லாருக்கும் அந்தச் சட்டம் உண்டு என்றால் பின்பெஞ்சில் ஒரே சிரிப்பு (பாதி கூச்சம்தான் என்று நினைக்கிறேன்).

1098 (குழந்தைகள் உதவி எண்), 14417 (பள்ளி மாணவர் உதவி எண்) இரண்டையும் சுவரில் எழுதி வைத்தாயிற்று. ஆனால் அப்பா கடலுக்குப் போயிருக்கும்போது வீட்டில் சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார்களோ என்று பயப்படும் பிள்ளை எந்த எண்ணுக்கும் கூப்பிடாது.

வகுப்பில் பேச வைக்கிற மாதிரி சின்னச் சின்னச் சூழ்நிலைக் கதைகள் யாரிடமாவது இருக்கிறதா? பத்து நிமிட நாடகம் என்றாலும் சரி. அறிவுரை மட்டும் வேண்டாம், அது எங்களிடமே நிறைய இருக்கிறது. அப்புறம், பையன்களோடு தனியாக உட்கார்ந்து பேசக்கூடிய ஆண் ஆலோசகர் ராமநாதபுரம், கீழக்கரை பக்கம் இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். தெரிந்த பிள்ளைகளின் கதையைப் பெயரோடு கமெண்ட்டில் போட்டுவிடாதீர்கள், ப்ளீஸ்.