ஒரே பாத்தியில் வைத்த செடிகள் ஒவ்வொன்றாகப் போகின்றன, அவசரம்

கொடிப்பந்தல்: வணக்கம். சுவரோரப் பாத்தியில் இட்லிப்பூ, செம்பருத்தி, லாவெண்டர் மூன்றையும் வரிசையாக வைத்தேன். மூன்றும் பல்லாண்டுச் செடி, ஒருமுறை வைத்தால் போதும் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். இப்போது இட்லிப்பூ மஞ்சளாகிறது, லாவெண்டர் வதங்கித் தொங்குகிறது. செம்பருத்தி மட்டும் ஜோராக இருக்கிறது. தண்ணீர், உரம் எல்லாம் மூன்றுக்கும் ஒன்றுபோலத்தான். என்ன மருந்து அடிக்கலாம்? சீக்கிரம் சொல்லுங்கள்.

நிழல்மரம்: மருந்துக்கு முன்னால் சில கேள்விகள். வெயில் எத்தனை மணி நேரம் விழுகிறது? மண் களியா, மணலா? ஊற்றுவது போர் தண்ணீரா? மஞ்சள் எந்த இலையில் தொடங்கியது, தளிரிலா அடி இலையிலா? படம் இருந்தால் போடுங்கள்.

வேப்பங்கொழுந்து: வேர்ப்புழுதான். மேலே எந்தக் காரணமும் தெரியாமல் செடி சோர்ந்தால் வேரில்தான் சிக்கல். வேப்பம் பிண்ணாக்கை ஊறவைத்து வேரில் ஊற்றுங்கள்.

தோட்டத்தம்பி: எப்சம் உப்பு ஒரு ஸ்பூன் ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து தெளித்துப் பாருங்கள். மஞ்சள் என்றாலே மக்னீசியம் குறைவு.

பழையவேர்: செடியை வாங்கிவிட்டு இடம் தேடுகிற பழக்கம் எப்போதுதான் போகுமோ. இந்தப் பகுதியில் இதே கேள்விக்கு எத்தனை முறை பதில் எழுதியிருக்கிறேன், தேடிப் படித்திருக்கலாம். பல்லாண்டு என்றால் பல வருடம் வாழக்கூடிய இனம் என்று மட்டும்தான் அர்த்தம். எங்கே வைத்தாலும் வாழும் என்று யாரும் சொல்லவில்லை. லாவெண்டர் மத்தியதரைக் கடலோரச் செடி. வறண்ட கோடை, கல்லும் சுண்ணாம்பும் கலந்த சரிவு, நாள் முழுக்க வெயில், இதுதான் அதற்குப் பழக்கம். இட்லிப்பூ மழை நன்றாகப் பெய்கிற வெப்பமண்டலத்துச் செடி, அமில மண் கேட்கும். இரண்டையும் ஒரே பாத்தியில் வைத்து ஒன்றுபோல் தண்ணீர் ஊற்றினால் ஏதாவது ஒன்று போகத்தான் செய்யும்.

நிழல்மரம்: பழையவேர் சார் சொன்ன விஷயம் சரி, ஆனால் இங்கே ஒன்றல்ல, இரண்டு செடி போகின்றன. அதுவும் ஒரே மாதிரி இல்லை, ஒன்று மஞ்சள், இன்னொன்று வதங்கல். காரணமும் இரண்டாக இருக்கலாம்.

கொடிப்பந்தல்: காலையிலிருந்து மாலை வரை நல்ல வெயில். மண் சாதாரண மண்தான். போர் தண்ணீர். இட்லிப்பூவில் தளிர்தான் மஞ்சள், அதில் நரம்பு மட்டும் பச்சையாகக் கோடு போட்ட மாதிரி தெரிகிறது. அடி இலை நன்றாக இருக்கிறது. அந்தப் பக்கச் சுவரை இப்போதுதான் பூசினோம். லாவெண்டர் மறுமுனையில், மாடித் தண்ணீர்க் குழாய் இறங்கும் இடம்.

நிழல்மரம்: இதை முதலிலேயே சொல்லியிருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும். நரம்பு பச்சை, நடுவே மஞ்சள், அதுவும் தளிரில் என்றால் இரும்புச் சத்து கிடைக்கவில்லை என்று அர்த்தம். இரும்பு செடிக்குள் இடம் மாறாது. பழைய இலையில் இருப்பதை எடுத்துத் தளிருக்குக் கொடுக்க முடியாததால் நுனியில்தான் முதலில் தெரியும். மக்னீசியம் நேர்மாறு, அடி இலையிலிருந்து மேலே ஏறிவிடும், அதனால் அடி இலைதான் முதலில் மஞ்சளாகும். தம்பி, எப்சம் உப்பு இங்கே உதவாது.

மண்ணில் இரும்பே இல்லை என்பதில்லை. சுவர் பூச்சிலிருந்து உதிர்ந்த சுண்ணாம்பும் போர் தண்ணீரின் உப்பும் சேர்ந்து பி.எச் ஏறியிருக்கும், அதாவது மண் காரமாகியிருக்கும். அப்போது இரும்பு கரையாமல் கிடக்கும், வேரால் எடுக்க முடியாது. சுவரோர மண்ணைக் கொஞ்சம் உலர்த்தி அதன்மேல் வினிகர் விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது.

லாவெண்டர் பக்கம் 30 செ.மீ ஆழக் குழி எடுத்துத் தண்ணீர் நிரப்புங்கள். அது வடிந்ததும் மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளவுகோலால் பாருங்கள். 2.5 செ.மீக்குக் குறைவு என்றால் வடிகால் போதாது. வேரையும் ஒரு ஓரமாகத் தோண்டிப் பாருங்கள். பழுப்பாகி, விரலால் இழுத்தால் தோல் உறையாகக் கழன்று நடுவில் நூல் மட்டும் நின்றால் அது அழுகல். ஈரமான மண்ணில் செடி வதங்கினால் இன்னும் தண்ணீர் ஊற்றாதீர்கள். வேருக்குக் காற்று இல்லாமல்தான் அது வதங்குகிறது.

மொட்டைமாடி: லாவெண்டரைத் தொட்டிக்கு மாற்றிவிடுங்கள். அடியில் ஒரு சாண் சரளைக்கல் போட்டால் வடிகால் பிரமாதமாக இருக்கும்.

பழையவேர்: சரளை வடிகால் தராது. இன்னும் எத்தனை பேர் இதை நம்புகிறீர்கள்? பொடி மண்ணிலிருந்து பருங்கல்லுக்குத் தண்ணீர் உடனே இறங்காது. மண் முழுக்க நனைந்து தளும்பிய பிறகுதான் இறங்கும். அந்த ஈர அடுக்கு எப்படியும் மண்ணின் அடியில் நிற்கும். கல் போட்டால் அதை வேருக்குப் பக்கத்தில் தூக்கி வைக்கிறீர்கள்.

மொட்டைமாடி: என் மாடியில் எல்லாத் தொட்டியிலும் கல் போட்டிருக்கிறேன், ஒன்றும் சாகவில்லை. அனுபவத்தைவிடப் படிப்பு பெரியதா?

பழையவேர்: உங்கள் செடிகள் கல் இருந்தும் பிழைக்கின்றன, கல்லால் அல்ல. பாத்திரம் கழுவும் பஞ்சை நனைத்துப் படுக்கை வாட்டில் பிடியுங்கள், சொட்டுவது நிற்கும். அப்படியே நிமிர்த்திச் செங்குத்தாகப் பிடியுங்கள், மறுபடி சொட்டும். தொட்டியிலும் மண்ணின் உயரம் கூடினால்தான் வேர்ப்பகுதி உலரும். அந்தக் கல்லை அடியில் போடாமல் மண்ணோடு கலந்தால் பலன் உண்டு.

மொட்டைமாடி: கலப்பதை நான் வேண்டாம் என்று சொல்லவே இல்லையே. ஓட்டையை மண் அடைக்காமல் இருக்கத்தான் கல்.

மழைத்துளி: அதற்கு ஒரு வலைத்துண்டு போதும். இரண்டு பேரும் தனி இழை தொடங்குங்கள், கேட்டவருக்குப் பதில் வரட்டும். கொடிப்பந்தல், எனக்குத் தோன்றுவது, செடிகளை முனை மாற்றுங்கள். சுண்ணாம்பு ஏறிய, வெயில் காயும் சுவர்ப்பக்கம் லாவெண்டருக்குப் பிடித்த இடம். குழாய்ப்பக்க ஈரத்தில் கல்வாழை வையுங்கள், கால் நனைந்தாலும் அது செழிக்கும். இட்லிப்பூவுக்கு மட்டும் அமில மண் கலவையோடு பெரிய தொட்டி, மழைத்தண்ணீர். அவசரத்துக்கு இரும்புக் கீலேட் (வேர் எடுக்கும்படி இரும்பைக் கரைந்த நிலையிலேயே பிடித்து வைக்கும் உரம்) கொடுக்கலாம். ஆனால் சாதாரண ஈ.டி.டி.ஏ (EDTA) வகை கார மண்ணில் நிற்காது, ஈ.டி.டி.எச்.ஏ (EDDHA) என்று போட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். பழைய மஞ்சள் இலையைப் பார்த்துக் கவலைப்படாதீர்கள், அடுத்து வரும் தளிரைப் பாருங்கள்.

பழையவேர்: ஒரு திருத்தம். காற்றில் எப்போதும் ஈரம் இருக்கும் இடமானால் ஆங்கில லாவெண்டர் சுவர்ப்பக்கத்திலும் நிலைக்காது. இலை விளிம்பில் பல் பல்லாக இருக்கும் வகை கொஞ்சம் தாங்கும். எந்த வகை என்று முதலில் சொல்லட்டும்.

வேப்பங்கொழுந்து: வேரைத் தோண்டும்போது புழு இருக்கிறதா என்றும் பாருங்கள். நான் சொன்னது நினைவிருக்கட்டும்.

கொடிப்பந்தல்: வினிகர் நன்றாக நுரைத்தது. குழாய்ப்பக்கக் குழியில் தண்ணீர் இறங்கவே இல்லை. வேர் தோல் உரிகிறது, புழு இல்லை. இட்லிப்பூவைத் தொட்டிக்கு மாற்றிவிட்டேன், தளிர் வந்ததும் சொல்கிறேன். எல்லோருக்கும் நன்றி.

நிழல்மரம்: லாவெண்டர் எந்த வகை? இலை விளிம்பைப் பக்கத்தில் வைத்து ஒரு படம் போடுங்கள். நுனித் தண்டு இன்னும் உறுதியாக இருந்தால் நாலு துண்டு வெட்டி மணலில் ஊன்றி வையுங்கள், தாய்ச்செடி போனாலும் கன்று மிஞ்சும்.

தோட்டத்தம்பி: என் செம்பருத்தியிலும் அடி இலை மஞ்சளாகிறது. அதற்காவது எப்சம் உப்பு சரியா?

நிழல்மரம்: நரம்பு பச்சையாக இருக்கிறதா, இலை மொத்தமும் மஞ்சளா?