பேட்டர்சன்ல ஒரு சாயங்காலம், பெரு சாப்பாடு

நியூஜெர்சி பக்கம் இருக்குறவங்க பேட்டர்சன் போயிருக்கீங்களா? பழைய பட்டு மில் ஊரு, மில்லு ஃபேக்டரி வேலைக்குன்னு வந்த பெரு நாட்டுக்காரங்க அப்படியே தங்கிட்டாங்க, இப்போ மார்க்கெட் ஸ்ட்ரீட்ல போர்டெல்லாம் ஸ்பானிஷ் தான், 2016ல அந்த இடத்துக்கு பெரு ஸ்கொயர்னே பேரு வச்சிட்டாங்க. போன சனிக்கிழமை ஆபீஸ் ஃப்ரெண்ட்ஸோட போனேன். ஒரே கடைல உக்காந்து வயித்த நிரப்பாம கடைக்கு ஒரு ஐட்டம்னு நடந்து நடந்து சாப்பிட்டோம், அது தான் சரியான வழி.

முதல்ல செவிச்சே. அடுப்பே கிடையாது, பச்சை மீன எலுமிச்சை சாறுல புரட்டுறாங்க, கொஞ்ச நேரத்துல மேல வெள்ளையாகி இறுகிடுது. கூட மெல்லிசா அரிஞ்ச வெங்காயம், கொத்தமல்லி, அவங்க ஊரு மிளகாய். நல்லா உறைக்கும், நம்ம நாக்குக்கு சொல்லவே வேணாம். ஓரமா வேக வச்ச சக்கரவள்ளிக்கிழங்கு ஒரு துண்டு இருக்கும், அத மிச்சம் வைக்காதீங்க, புளிப்பும் காரமும் தலைக்கு ஏறுறப்போ ஒரு கடி கடிச்சா அப்படியே அடங்கும். தட்டுல தேங்குற சாறு, லேச்சே தே திக்ரே, ஸ்பூனால அள்ளி குடிக்கணும், எனக்கு அன்னைக்கு சாப்பிட்டதுலயே அது தான் உசத்தி. மாசமா இருக்குறவங்க மட்டும் பச்சை மீன் வேண்டாம்.

அடுத்து பொயோ அ லா பிராசா, கரி நெருப்புல கம்பில சுத்தி சுத்தி வேகுற முழுக்கோழி. 1950ல பெரு தலைநகரான லிமாக்கு வெளிய ஒரு சுவிஸ்காரர் ஆரம்பிச்சது, இன்னைக்கு அந்த நாடே சாப்பிடுது. தோல் கருஞ்சிவப்பா முறுகி உள்ள சாறு அப்படியே நிக்குது, பச்சை சட்னி மாதிரி ஒரு சாஸ் தர்றாங்க, ரெண்டு தடவ கேட்டு வாங்கினோம்.

கடைசியா லோமோ சல்தாதோ. மாட்டுக்கறி, வெங்காயம், தக்காளி எல்லாம் சோயா சாஸ் ஊத்தி பெரிய தீயில வதக்கி, அதுலயே ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸையும் போட்டு சோத்தோட தர்றாங்க. 1849ல இருந்து கூலி வேலைக்கு கப்பல்ல கொண்டு போன சீனக்காரங்க கைப்பக்குவம் அது, அந்த மாதிரி சீன-பெரு சாப்பாட்டு கடைய சீஃபான்னு சொல்வாங்க. குடிக்க சிச்சா மொராதா, ஊதா சோளத்த பட்டை கிராம்பு, அன்னாசித் தோலெல்லாம் போட்டு கொதிக்க வச்சது.

*

அண்ணா, சைவம் சாப்பிடுறவங்க வந்தா என்ன பண்றது?

*

பாப்பா அ லா வாங்கைனா சொல்லுங்க தம்பி. அவிச்ச உருளைக்கிழங்கு மேல மஞ்ச மிளகாயும் சீஸும் பாலும் அரைச்சு ஊத்துறது. மேல முட்டை வைப்பாங்க, வேணாம்னு முன்னாடியே சொல்லிடணும். காவ்சான்னு இன்னொரு ஐட்டம் இருக்கு, அதுவும் உருளைக்கிழங்கு தான், ஆனா பெரும்பாலும் உள்ள கோழியோ டூனாவோ இருக்கும், கேக்காம வாங்காதீங்க.

*

நான் ப்ராஜெக்ட்டுக்கு லிமால இருந்தப்போ பாத்தத சொல்றேன். அங்க செவிச்சே மதிய சாப்பாடு, காலைல வந்த மீன மத்தியானமே தீத்துடணும்னு பழக்கம், நெறைய செவிச்சே கடைய சாயங்காலத்துக்குள்ள சாத்திடுவாங்க. ராத்திரின்னா அந்திகூச்சோ தான், மாட்டோட இதயத்த வினிகர், பூண்டு, சீரகம், சிவப்பு மிளகாய்ல ஊற வச்சு குச்சில குத்தி ரோட்டோரமா கரில சுடுவாங்க. நம்ம ஊரு மசாலா வாசனை அப்படியே வரும். பேட்டர்சன்லயும் கிடைக்கும், அடுத்த தடவ அதுல இருந்து ஆரம்பிங்க.