கில்டி கிரவுன்: கண்ணுக்கு விருந்து, கதைக்குப் பட்டினி. உங்கள் அனுபவம் என்ன?

தொடங்கியவர்:

போன வாரம் பழைய ஹார்டு டிஸ்க்கை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தபோது 'கில்டி கிரவுன்' என்ற பெயரில் ஒரு கோப்புறை அகப்பட்டது. கல்லூரி விடுதியில் இருந்த நாட்களில் காட்சியை நிறுத்தி நிறுத்திச் சேமித்த படங்கள், ஏறக்குறைய நாற்பது. ஒன்றைக்கூட அழிக்க மனம் வரவில்லை. அந்தத் தொடரை மறுபடியும் பார்ப்பாயா என்று யாராவது கேட்டால் மட்டும், மாட்டேன். இப்படி உங்களை ஏமாற்றிய அழகான அனிமே (ஜப்பானிய அசைபடத் தொடர்) எது என்று கேட்கத்தான் இந்தத் திரி. முடிவு வரை பேசப்போகிறேன். பார்க்காதவர்கள் இப்போதே விலகிக்கொள்ளுங்கள்.

2011 அக்டோபரில் தொடங்கி 2012 மார்ச்சில் முடிந்த தொடர், 22 அத்தியாயங்கள். இயக்குநர் டெட்சுரோ அராகி. 'டெத் நோட்' தொடரை இயக்கியவர் என்பதாலேயே நான் உட்கார்ந்தேன். அதில் ஒருவன் உருளைக்கிழங்கு வறுவல் தின்பதைக்கூட நெஞ்சு படபடக்கக் காட்டியவர் ஆயிற்றே.

முதல் அத்தியாயம் உண்மையிலேயே மயக்கியது. நோய்க்கிருமி ஒன்று பரவிச் சீரழிந்து, அந்நியப் படையின் பிடியில் கிடக்கும் 2039ஆம் ஆண்டு டோக்கியோ. காயத்தோடு ஓடிவரும் இனோரி என்ற பெண், அவள் உடையில் தங்கமீன் துடுப்பு மாதிரி சிவப்பு. ஷூ என்ற கூச்ச சுபாவப் பையன் அவள் நெஞ்சுக்குள் கைவிட்டு ஒரு வாளை உருவுகிறான். பின்னணியில் பாட்டு ஏறுகிறது, திரை முழுக்க வெள்ளி இழைகள் பறக்கின்றன. நான் அந்த ஒரு நிமிடத்தை அன்றிரவு ஐந்து முறையாவது பார்த்திருப்பேன்.

அந்த வாளுக்குப் பின்னால் இருக்கும் கற்பனைதான் எனக்கு இன்றும் பிடித்தது. ஒவ்வொருவர் மனமும் ஒரு பொருளாக வெளியே வரும். அதற்குப் பெயர் வாய்டு. பயந்த சுபாவமுள்ள மாணவர் தலைவி அரிசாவுக்குக் கேடயம். சக்கர நாற்காலியில் இருக்கும் அயாசேவுக்குக் கால்கள். நோயாளித் தம்பியை உள்ளூரப் பாரமாக நினைத்த யாஹிரோவுக்கு உயிரை அறுக்கும் கத்தரிக்கோல். எத்தனை பக்க வசனத்தால் ஒருவனை இவ்வளவு கூர்மையாகச் சொல்ல முடியும்? வடிவமைத்தவர்கள் பாத்திரங்களைப் புரிந்துவைத்திருந்தார்கள். கதை எழுதிய மேசைக்குத்தான் அந்தச் சேதி போய்ச்சேரவில்லை போலும். கேடயம் கேடயமாகவும் கத்தரி கத்தரியாகவும் சண்டைக்குப் பயன்பட்டன. அரிசா ஏன் பயப்படுகிறாள் என்று உட்கார்ந்து கேட்க யாருக்கும் நேரமில்லை.

பன்னிரண்டாம் அத்தியாயத்தில் போராளித் தலைவன் காய் சாகிறான். நியாயமான முடிவு, அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அதன் பிறகு பள்ளி மாணவர்கள் நகருக்குள் அடைபட்டுக் கிடக்கிறார்கள். வாய்டின் பலத்தை வைத்து மாணவர்களைத் தரம் பிரிக்கலாம் என்று யாஹிரோ சொல்ல, ஷூ மறுக்கிறான். பதினைந்தாம் அத்தியாயத்தில் தோழி ஹாரே அவனைக் காப்பாற்றப்போய் இறக்கிறாள். உடனே அதே ஷூ தரவரிசை போட்டு ஆளும் கொடுங்கோலன் ஆகிவிடுகிறான். அன்று என் அறைத்தோழன் பரோட்டா பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே திரையை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "யாருடா இவன்? நேற்றுவரை அழுதுகொண்டிருந்தவனா?" அவன் தொடரை ஒழுங்காகப் பார்த்தவனே இல்லை. ஆனாலும் என்னிடம் பதில் இல்லை. துக்கம் மனிதனை மாற்றும்தான். மாறும்போது அவன் எதை இழக்கிறான், எதைத் தெரிந்தே விடுகிறான் என்று காட்ட வேண்டாமா? இங்கே யாராவது செத்தால்தான் ஷூ மாறுகிறான், தானாக ஒன்றையும் தீர்மானிப்பதில்லை.

செத்த காய் அப்புறம் எழுந்து வந்து ஷூவின் வலக்கையை வெட்டிக்கொண்டு போனான். நான் சிரித்துவிட்டேன்.

மறுமொழி 1:

தம்பி, உங்களுக்கு ஒரு முறைதான் அடி. அதே இயக்குநரிடம் நான் இரண்டு முறை வாங்கினேன். 2016இல் வந்த 'கபனேரி ஆஃப் தி அயர்ன் ஃபோர்ட்ரெஸ்', 12 அத்தியாயங்கள்.

படம் வரைவது எனக்குத் தொழில், அதனால் என் மயக்கம் கொஞ்சம் வேறு வகை. பாத்திர வடிவமைப்பு ஹருஹிகோ மிகிமோட்டோ, எண்பதுகளின் அனிமேக்களில் பெயர் பெற்றவர். அவருடைய தூரிகைச் சாயல் அசையும் படத்திலும் வரவேண்டும் என்பதற்காக, முகம் நெருங்கி வரும் காட்சிகளில் கண்ணிமை, உதடு, முடியின் பளபளப்பு எல்லாவற்றுக்கும் தனியாக மெருகேற்றியிருந்தார்கள். அதைச் செய்தவர்களுக்கு 'மேக்கப் அனிமேட்டர்' என்றே பெயர் போட்டிருப்பார்கள். வாராவாரம் வரும் தொலைக்காட்சித் தொடருக்கு இப்படியோர் உழைப்பா என்று வாயடைத்துப்போனேன். அந்த முகங்களைப் பார்த்து நானும் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். நாயகி மூமேயின் கண் மட்டும் கடைசிவரை எனக்குப் படியவில்லை.

கதையும் நன்றாகவே கிளம்பியது. இதயத்தைச் சுற்றி இரும்பு மூடிய நடைப்பிணங்கள். மதில் கட்டிய நிலையங்களுக்குள் மக்கள். நிலையத்துக்கு நிலையம் கவசம் பூட்டிய நீராவி ரயில். கடிபட்ட நாயகன் இகோமா, கிருமி மூளைக்கு ஏறாமல் தன் கழுத்தையே இறுக்கிக்கொண்டு உயிர்பிழைக்கும் அந்தக் காட்சியில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரயில், பசி, சந்தேகம், வெளியே பிணங்கள். ஒரு தொடருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

பாதி வழியில் பீபா என்றொருவன் ஏறினான். நாட்டை ஆளும் ஷோகனின் மகன், அப்பன்மேல் பழிதீர்க்கக் கிளம்பியவன். அதோடு கதை ரயிலைவிட்டு இறங்கிவிட்டது. அதுவரை நம்மைத் தூங்கவிடாத பிணங்கள் அவனுடைய பழிவாங்கலுக்குப் பின்னணிக் கூட்டம் ஆகிவிட்டன. உள்ளே இருந்தவர்களுக்கு ஒருவர்மேல் ஒருவருக்கு இருந்த பயமே போதுமான வில்லன். அதை விட்டுவிட்டு நீளமுடிக்காரன் ஒருவனைத் தேடிப்பிடித்தது ஏனென்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மறுமொழி 2:

கதை, கதை என்று எல்லோரும் அடித்துக்கொள்கிறீர்கள். நான் கில்டி கிரவுனைப் பாட்டுக்காகத்தான் பார்த்தேன், அந்த வகையில் எனக்கு நஷ்டமே இல்லை. ஹிரோயுகி சவானோவின் பின்னணி இசை ஒருபுறம். இனோரியின் பாட்டுக்குரலாக வந்த செல்லி ஒருபுறம். கதைக்குள் இனோரி பாடும் குழுவின் பெயர் ஈகோயிஸ்ட். அதே பெயரில் வெளியே உருவான குழு தொடர் முடிந்தும் நிற்கவில்லை, கபனேரியின் தொடக்கப் பாட்டும் அவர்களுடையதே. அண்ணா இரண்டு முறை அடிவாங்கிய கதைக்கு நான் இரண்டு முறை பாட்டுக் கேட்டேன், அவ்வளவுதான்!

மறுமொழி 3:

நீங்கள் சொல்லும் இரண்டையும் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகலாம். என்னால் சிரிக்க முடியாத ஒன்று 2021 ஜனவரியில் தொடங்கிய 'வொண்டர் எக் பிரயாரிட்டி'. தற்கொலை செய்துகொண்ட சிறுமிகளைக் கனவுலகில் காப்பாற்றினால் தன் தோழி கொய்டோ திரும்பி வருவாள் என்று நம்பும் ஐ என்ற பெண்ணின் கதை.

இதன் அழகு வாளிலும் ரயிலிலும் இல்லை. ஐக்கு இரண்டு கண்ணும் இரண்டு நிறம். ஒன்றை முடியால் மறைத்துக்கொண்டு, மஞ்சள் மேலங்கிக்குள் சுருங்கி உட்கார்ந்திருப்பாள். நான் ஆசிரியை. கடைசி பெஞ்சில் அப்படி உட்காரும் பெண்களை எனக்குத் தெரியும். தோள் எந்த அளவு உள்வாங்கும், பேர் சொல்லிக் கூப்பிட்டால் கை முதலில் எங்கே போகும் என்பதுவரை வரைந்திருந்தார்கள். அதனால்தான் அதை நம்பினேன்.

தயாரிப்பு பின்தங்கியது வெளிப்படையாகவே தெரிந்தது. எட்டாம் அத்தியாயமே முன்கதைச் சுருக்கம். பதினொன்றில் திடீரென்று செயற்கை நுண்ணறிவுப் பெண் ஒருத்தியை நுழைத்து, சிறுமிகளின் துயரத்துக்கெல்லாம் அவளிடம் காரணம் இருப்பதுபோல் திருப்பிவிட்டார்கள். பன்னிரண்டோடு கதை முடியாததால் ஜூன் கடைசியில் ஒரு சிறப்பு அத்தியாயம் வந்தது. மூன்று மாதம் காத்திருந்து போட்டால், முதல் பாதி மறுபடியும் முன்கதைச் சுருக்கம். கொய்டோ உயிரோடு வருகிறாள். ஐ தன் தோழி என்ற நினைவு அவளுக்கு இல்லை. இந்த ஒன்றை வைத்தே ஒரு முழு அத்தியாயம் எழுதியிருக்கலாம். அவசரமாகக் கடந்துபோனார்கள்.

அந்தப் பெண்கள் ஏன் அப்படிச் செய்துகொண்டார்கள் என்ற கேள்வியைக் கையில் எடுத்தவர்களுக்கு, பதில் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று விட்டுவிடும் உரிமை உண்டு. இயந்திரப் பெண்மேல் பழியைப் போடும் உரிமை கிடையாது. எனக்கு அதில்தான் கோபம்.

தொடங்கியவர்:

ஆசிரியை சொன்னதற்குப் பிறகு என் புலம்பல் சின்னதாகிவிட்டது. வொண்டர் எக் நான் பார்த்ததில்லை, இனிப் பார்ப்பேனா என்பதும் சந்தேகம். அண்ணா, மூமேயின் கண்ணை முயன்ற அந்தக் காகிதம் இருந்தால் இங்கே போடுங்கள்.

பாட்டுக்காரருக்கு ஒரு வார்த்தை: நேற்றிரவு முதல் அத்தியாயத்தை மட்டும் போட்டுப் பார்த்தேன். அந்தப் பாட்டு ஏறும் இடத்தில் இன்றும் மயிர்க்கூச்செறிகிறது, ஒப்புக்கொள்கிறேன். இரண்டாவதைப் போடவில்லை.

பிறகு அந்தக் கோப்புறையை ஒருமுறை எண்ணிப் பார்த்தேன். மொத்தம் 41 படங்கள். பன்னிரண்டாம் அத்தியாயத்துக்கு முந்தையவை 38. மிச்சம் மூன்றில் இரண்டு இனோரி, ஒன்று ஹாரேயின் வாய்டான கட்டுத்துணி.