பழைய டிஸ்கவரி 4 டீசல் வாங்கும் முன் எதையெல்லாம் பார்க்கணும்?

வால்பாறை ரோடு

வணக்கம். லேண்ட் ரோவர் டிஸ்கவரி 4, 3.0 டீசல் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு வண்டி கைவசம் இருக்கிறது. ஒன்று 2012, டெல்லி பதிவு, 98,000 கி.மீ., புரோக்கர் கையில். இன்னொன்று 2014, சென்னைப் பதிவு, ஒரே ஓனர், 1,42,000 கி.மீ. டெல்லி வண்டி மூன்றில் ஒரு பங்கு விலை குறைவு. எஸ்டேட் ரோடுதான் முக்கிய வேலை; மழைக்காலத்தில் சேறு, நடுவில் ஹைவே ஓட்டம்.

கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் எஞ்சினின் முக்கியத் தண்டு) உடையும் என்று பயமுறுத்துகிறார்கள். வாங்கும் முன்பே அதைக் கண்டுபிடிக்க முடியுமா? ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பைகள் தாங்கும் ஏர் சஸ்பென்ஷனை எப்படிச் சோதிப்பது? டெல்லி பேப்பரில் சிக்கல் உண்டா? ஒரு முழு நாள் நேரம் இருக்கிறது, லிஃப்ட் உள்ள ஒர்க்ஷாப் ஒன்றும் பேசி வைத்திருக்கிறேன்.

சம்ப் பிளக்

கிராங்க்கிலிருந்தே ஆரம்பிக்கிறேன், மற்றதெல்லாம் காசு கொடுத்தால் தீரும். இந்த வி6-ல் மெயின் பேரிங் ஷெல்களுக்கு (கிராங்க்கைத் தாங்கும் வளைந்த உலோகத் தகடுகள்) இடத்தில் பிடித்து நிறுத்தும் பல் கிடையாது. ஆயில் கெட்டு உராய்வு ஏறினால் ஷெல் சுழன்றுவிடும். சுழன்றால் ஆயில் துளை மூடிக்கொள்ளும், ஜர்னல் (ஷெல்லுக்குள் சுழலும் தண்டுப் பகுதி) காய்ந்து, கிராங்க் ஷாஃப்ட் முறியும். பெரும்பாலும் முன்னறிவிப்பே இருக்காது. அதனால் "கேட்டுப் பார்த்தேன், சத்தம் நல்லா இருக்கு" என்பது ஒரு சோதனையே இல்லை. நீங்கள் பார்க்க வேண்டியது ஆயில் மாற்றிய சரித்திரம். கம்பெனி அட்டவணைப்படி நீண்ட இடைவெளியில் மாற்றிய வண்டியைவிட 8,000–10,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றி பில் வைத்திருக்கும் வண்டி, கி.மீ. கூடுதலாக இருந்தாலும், மேல்.

அடுத்தது ஃபில்டர். எஞ்சின் மேல்பக்கம் பிளாஸ்டிக் மூடிக்குள் கார்ட்ரிட்ஜ் ஃபில்டர் இருக்கும், கழற்றுவது எளிது. ஓனர் சம்மதித்தால் புது ஃபில்டர் நீங்களே வாங்கிப் போய்ப் போட்டுக்கொடுங்கள். பழையதன் மடிப்பை பிளேடால் வெட்டி விரித்து, வெள்ளைத் துணியில் பிழிந்து, வெயிலில் சாய்த்துப் பாருங்கள். செம்பு நிறத்திலோ வெள்ளி நிறத்திலோ மினுக்கும் செதில் இருந்தால் வண்டியை அங்கேயே விட்டுவிடுங்கள். காந்தம் வைத்துப் பார்ப்பது போதாது. பேரிங் உலோகம் காந்தத்தில் ஒட்டாது. கூடவே 100 மி.லி. ஆயில் எடுத்து லேபுக்கு அனுப்பினால் செம்பு, ஈயம், அலுமினியம், டீசல் கலப்பு, 100 டிகிரியில் பிசுக்குமை எல்லாம் எண்ணாகவே வந்துவிடும்.

ஸ்டார்ட் செய்வது குளிர்ந்த எஞ்சினில்தான். போனதும் பானட்டைத் திறந்து ரேடியேட்டர் மேல் ஹோஸைத் தொடுங்கள். சூடாக இருந்தால் காலையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

டைமிங் பெல்ட் இரண்டு உண்டு. முன்னால் கேம் பெல்ட். எஞ்சின் பின்புறம் ஹை பிரஷர் டீசல் பம்ப்பை ஓட்டும் சின்ன பெல்ட். பின் பெல்ட் அறுந்தால் வண்டி நின்றுபோகும், அவ்வளவுதான். முன் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும். பத்து வயதான வண்டியில் கி.மீ. கணக்கு பார்க்க வேண்டாம், வயதைப் பாருங்கள். "பெல்ட் மாத்தியாச்சு" என்றால் பில்லில் இரண்டு பெல்ட்டும் இருக்கிறதா என்று கேளுங்கள். கைக்கு எட்டாத இடம் என்பதால் பின் பெல்ட்டை விட்டுவிடுகிறார்கள்.

ஓட்டும்போது ஆட்டோமேட்டிக்கை மேனுவல் மோடில் வைத்து மூன்றாம் கியரில் 1,500-லிருந்து 3,500 ஆர்.பி.எம். வரை ஒரே சீராக அழுத்துங்கள். இதில் டர்போ இரண்டு. முதலாவது எப்போதும் வேலை செய்யும், இரண்டாவது 2,500-க்கு மேல்தான் சேரும். அந்த இடத்தில் இழுவை தொங்கினாலோ, உஸ்ஸென்று காற்று கேட்டாலோ, 'ரெஸ்ட்ரிக்டட் பெர்ஃபார்மன்ஸ்' என்று வந்தாலோ பிளாஸ்டிக் இன்டேக் மேனிஃபோல்டில் விரிசல், ஹோஸ் கிழிசல், அல்லது டர்போவே. மேனிஃபோல்ட் என்றால் விலையில் கழித்துக்கொள்ளலாம். டர்போ என்றால் பல ஒர்க்ஷாப்பில் பாடியையே சேஸிஸிலிருந்து தூக்கித்தான் வேலை செய்வார்கள். பார்ட்ஸ் விலையோடு கூலியையும் கேட்டுக்கொண்டு பேரம் பேசுங்கள்.

லிஃப்ட்டடி

எஞ்சின் மேல சொல்லியாச்சு, நான் கீழ இருந்து சொல்றேன்.

ஏர் சஸ்பென்ஷன்: முந்தின நாள் சாயங்காலம் நார்மல் ஹைட்ல நிறுத்தி, நாலு வீல் ஆர்ச்சுலயும் வீல் நடுவுல இருந்து விளிம்பு வரைக்கும் டேப் வச்சு அளந்து எழுதிக்கோங்க. மறுநாள் காலைல கதவைத் திறக்காம திரும்ப அளங்க. ஒரு விஷயம் தெரிஞ்சுக்கணும்: பூட்டி வச்ச பிறகும் கன்ட்ரோல் யூனிட் அப்பப்ப முழிச்சு, தாழ்ந்த மூலைக்குச் சமமா மத்த மூணையும் இறக்கிடும். அதனால நாலும் சமமா இறங்கியிருந்தா "லீக் இல்லை"ன்னு அர்த்தம் இல்லை. ஒரு பை கசிஞ்சாலே வண்டி மொத்தமும் உட்காரும்.

பிறகு எஞ்சின் ஓடணும், கதவு எல்லாம் மூடியிருக்கணும் (ஒண்ணு திறந்திருந்தாலும் ஏறாது). ஆக்ஸஸ்ல (ஏறி இறங்கத் தாழ்த்துற ஹைட்) இருந்து ஆஃப்ரோடு ஹைட்டுக்கு ஏத்துங்க. நார்மலுக்குக் கீழ 50 மி.மீ., மேல 55 மி.மீ. டேங்க்ல காத்து இருந்தா அரை நிமிஷத்துல ஏறிடும். ரெண்டு மூணு தடவை ஏத்தி இறக்குங்க, அப்பதான் டேங்க் காலியாகி கம்ப்ரசர் தனியா உழைக்கும். நிமிஷக்கணக்கா உறுமினா, கடகடன்னா, ஆம்பர் விளக்கு வந்தா கம்ப்ரசர் முடியப் போகுதுன்னு வச்சுக்கலாம். ஆரம்ப வண்டிகள்ல ஹிட்டாச்சி கம்ப்ரசர், பிறகு ஏ.எம்.கே. கம்பெனியோடது. ஹிட்டாச்சியே இன்னும் இருந்தா மாத்துற செலவை இப்பவே கணக்குல சேருங்க.

பையைப் பார்க்க ஆஃப்ரோடு ஹைட்தான் சரி. நார்மல்ல கீழ மடிஞ்சு கிடக்கிற ரப்பர் அப்பதான் விரியும். டார்ச் அடிச்சா அந்த மடிப்பு வரிசைல நூல் நூலா வெடிப்பு தெரியும். சோப்புத் தண்ணி தெளிச்சா குமிழி வரும். லிஃப்ட்லயோ ஸ்டாண்ட்லயோ நிக்காத வண்டிக்கு அடில தலையை விடாதீங்க, காத்து போனா பட்டுனு இறங்கிடும்.

யாராவது காத்துப் பையை எடுத்துட்டு காயில் ஸ்பிரிங் மாட்டியிருந்தா அந்த வண்டி வேண்டாம். எஸ்டேட் ரோட்டுக்கு அந்த 55 மி.மீ.க்காகத்தானே இதை வாங்குறீங்க. லோ ரேஞ்ச் (சேறு, ஏத்தத்துக்கான மெதுவான கியர் வரிசை) இருக்கான்னும் பாருங்க. 2014-க்குப் பிறகான சில வண்டில ஒத்தை ஸ்பீடு டிரான்ஸ்ஃபர் கேஸ் வந்திருக்கு. இருந்தா வண்டியை நிறுத்தி, நியூட்ரல் போட்டு, பட்டனை அழுத்தி விளக்கு நிலையா எரியுதான்னு பார்த்துட்டு, பத்தடி முன்னால பத்தடி பின்னால ஓட்டுங்க.

முன் லோயர் ஆர்ம் புஷ் எல்லா வண்டிலயும் போகும். பிரேக் பிடிக்கும்போது டொக்குனு ஒரு அடி, ரோட்டுல வண்டி தானா ஓரம் இழுக்கிறது, டயர் உள்பக்கம் மட்டும் தேய்ஞ்சிருக்கிறது, இதெல்லாம் அடையாளம். புஷ் மட்டும் மாத்துறேன்னு மெக்கானிக் சொன்னா நம்பாதீங்க. போல்ட் ஸ்லீவுக்குள்ள துரு பிடிச்சு ஒட்டியிருக்கும், அறுத்துதான் எடுக்கணும். முழு ஆர்மா மாத்தி, வண்டி நார்மல் ஹைட்ல இருக்கும்போதுதான் போல்ட்டை இறுக்கணும். தொங்கும்போது இறுக்கினா புது புஷ் முறுக்கிக்கிட்டு சீக்கிரம் கிழியும்.

ஹேண்ட் பிரேக் எலெக்ட்ரிக். சரிவுல போட்டு எடுங்க. ரெண்டு வினாடி மோட்டார் சத்தம் சரி. கிறீச்சுனு அலறினா பின் ஷூ அட்ஜஸ்ட்மென்ட் போயிருக்கு, அப்படியே விட்டா மாட்யூலும் போகும். சேத்துல ஓடுற வண்டிக்கு ஷூவைக் கழற்றிக் கழுவுறது வருஷா வருஷம் இருக்கிற வேலை.

கியர் பாக்ஸ்: லீவர் இருந்தா 6 ஸ்பீடு, எழும்பி வர்ற வட்டக் குமிழ் இருந்தா 8. 2012-ன்னு ஆர்.சி.ல இருந்தும் லீவர் இருந்தா அது முந்தின மாடல்னு விலை பேசுங்க. ரெண்டுக்கும் ஆயில் வேற வேற, மாத்தி ஊத்தக் கூடாது. "லைஃப் டைம் ஆயில்"னு சொல்வாங்க. பாக்ஸ் செஞ்ச இசட்.எஃப். கம்பெனியே 80,000–1,20,000 கி.மீ.ல மாத்தச் சொல்லுது. 60–80 கி.மீ. வேகத்துல லேசா ஆக்ஸிலரேட்டர் மிதிச்சா, ரம்பிள் ஸ்ட்ரிப் (ரோட்டுல போடுற அதிர்வுக் கோடு) மேல ஓடுற மாதிரி அதிர்வு வருதான்னு பாருங்க. ஃபில்டரோட சேர்ந்த பிளாஸ்டிக் பான் ஓரத்துல கசிவு இருந்தா பானோட மாத்தணும்.

வண்டிக்கு அடில ஸ்டெப்னியை இறக்குற வின்ச் இறுகியிருக்கும், இறக்கிக் காட்டச் சொல்லுங்க.

ஃபார்ம் 30

பேப்பர் பக்கம். டெல்லியில் பத்து ஆண்டு தாண்டிய டீசல் வண்டிகளுக்குத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் போட்ட தடையால்தான் அங்கிருந்து இந்த மாதிரி வண்டிகள் மலிவாகத் தெற்கே வருகின்றன. மலிவு என்பதற்காக வண்டி கெட்டது என்று ஆகாது. ஆனால் வாகன் தளத்தில் (அரசின் வண்டிப் பதிவு இணையதளம்) ஆர்.சி. நிலை ஆக்டிவ் என்று இருக்கிறதா, ஹெச்.பி. (லோனுக்கான அடமானப் பதிவு) கழிந்திருக்கிறதா, நிலுவைச் செலான் உண்டா என்று பார்த்த பிறகே அட்வான்ஸ். என்.ஓ.சி. (வேறு மாநிலம் கொண்டுபோக ஆட்சேபம் இல்லை என்ற சான்று, ஃபார்ம் 28) தமிழ்நாட்டில் உங்கள் ஆர்.டி.ஓ. பெயருக்கே வாங்கியிருக்க வேண்டும். லோன் இருந்திருந்தால் ஃபார்ம் 35, பெயர் மாற்ற 29, 30, புது எண்ணுக்கு 27.

வரியை மறந்துவிடுகிறார்கள். இங்கே ஆயுட்கால வரி வண்டியின் ஆதி விலையையும் வயதையும் வைத்துப் போடப்படும், நீங்கள் கொடுத்த விலையை வைத்து அல்ல. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கணக்குக் கேட்டுக்கொண்டு பிறகு ஒப்பிடுங்கள்; அந்த மூன்றில் ஒரு பங்கு எவ்வளவு சுருங்கும் என்று தெரியும். 2012 வண்டிக்கு 15 ஆண்டு ஆர்.சி. 2027-ல் முடிகிறது, அப்புறம் எஃப்.சி. வேறு.

சென்னை வண்டிக்கு வேறு கேள்வி. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் அது ஊரில்தான் இருந்திருக்கிறது. ஆர்.சி. முகவரி வேளச்சேரி, கோட்டூர்புரம் என்றால் இன்னும் கவனம். சீட் பெல்ட்டை முழுதாக இழுத்துக் கடைசி ஒரு அடியைப் பாருங்கள், சேற்றுக் கோடு அங்கே தங்கும். சீட் ரெயில் போல்ட், கார்ப்பெட்டுக்கு அடியில் உள்ள பஞ்சு, பின் ஓரப் பெட்டிகள் எல்லாவற்றையும் தொட்டுப் பாருங்கள். முன் கால்மாட்டில் மட்டும் ஈரம் என்றால் அது வெள்ளம் இல்லாமல் சன்ரூஃப் வடிகுழாய் அடைப்பாகவும் இருக்கலாம். கூரைத் துணியில் கறை இருக்கும். அதுவும் சும்மா இல்லை, கிளவ் பாக்ஸ் பின்னால் இருக்கும் ஃபியூஸ் பாக்ஸுக்கு அந்தத் தண்ணீர் போகும்.

வால்பாறை ரோடு

மிக்க நன்றி. டெல்லி வண்டி பார்த்தேன். "போன வாரம்தான் ஆயிலும் ஃபில்டரும் புதுசு" என்கிறார், ஃபில்டரைத் திறக்க விடவில்லை. ஸ்கேனரில் ஒரு எரர் கோடும் (பழுதுக் குறியீடு) இல்லை. இதை நல்லதென்று எடுத்துக்கொள்ளலாமா?

சம்ப் பிளக்

பத்து வயது தாண்டிய டிஸ்கவரியில் ஒரு எரர் கோடும் இல்லையென்றால் பெரும்பாலும் அழித்திருப்பார்கள். வண்டியின் டயக்னாஸ்டிக் சாக்கெட்டில் செருகும் சாதாரண ஓ.பி.டி. அடாப்டர், போன் ஆப் போதும்: 'கோடு அழித்த பிறகு ஓடிய தூரம்' என்று ஒரு அளவு இருக்கும். 5 கி.மீ., 10 கி.மீ. என்று காட்டினால் நீங்கள் வருவதற்கு முன்தான் அழித்தார்கள். புது ஆயில், புது ஃபில்டரில் லேப் ரிப்போர்ட்டுக்கும் பயன் இல்லை. பழைய பில் வரிசையாகக் காட்டினால் ஒழிய அந்த வண்டியை விடுங்கள்.

ஆறு மூலை நட்டு

இவ்வளவு பயம் எதற்கு, பிராடோ பார்க்கலாமே?

லிஃப்ட்டடி

பார்க்கலாம். ஆனா அந்த 3.0 டி-4டி எஞ்சின்லயும் இன்ஜெக்டர் செம்பு வாஷர் கசிஞ்சா கரி ஆயில்ல இறங்கி சம்ப் ஸ்ட்ரெய்னரை (ஆயில் உறிஞ்சுற இடத்துல உள்ள சல்லடை) அடைக்கும். அங்கயும் பேரிங்தான் போகும். பழைய ஃபார்ச்சூனர்லயும் அதே எஞ்சின்.

வால்பாறை ரோடு

சென்னை வண்டி: ஃபில்டர் சுத்தம், லேபும் சரி என்கிறது, பில் எல்லாம் இருக்கிறது. ஒரே இரவில் நான்கு மூலையும் 30 மி.மீ. இறங்கியது, சோப்பு போட்டதில் முன் இடது பையில் குமிழி. கம்ப்ரசர் ஹிட்டாச்சி அல்ல, ஆனால் நீண்ட நேரம் ஓடுகிறது.

லிஃப்ட்டடி

வாங்கலாம். முன்னால ரெண்டு பையும் ஜோடியா, கம்ப்ரசர், ரெண்டு லோயர் ஆர்ம், ரெண்டு பெல்ட், கியர் பாக்ஸ் பான் கிட், இவ்வளவுக்கும் கொட்டேஷன் வாங்கி ஓனர் முன்னால வச்சுப் பேசுங்க. பையை முதல்ல மாத்துங்க. கசியுற பையோட புது கம்ப்ரசர் போட்டா அதுவும் ஓடி ஓடிச் சாகும். கம்ப்ரசர் மாத்தும்போது ரிலேயையும் மாத்தச் சொல்லுங்க. பழைய ரிலே ஒட்டிக்கிட்டா கம்ப்ரசர் நிக்காம ஓடி எரிஞ்சுடும்.