23ஆம் சங்கீதத்தைப் பாடிய சிறுவன்: எங்கள் குடும்பக் குழுவில் ஒரு மாலை

அத்தை, மாலை 6.05
மகளே, நீ காலையில் அனுப்பிய ஒலிப்பதிவைச் சமையலை முடித்துவிட்டு நிதானமாகக் கேட்டேன். தொடக்கத்தில் வரும் ஆரவாரமெல்லாம் அடங்கியபின், ஹார்ப்பின் துணையோடு ஒரு சிறுவன் தனியாகப் பாடுகிறானே, அது என்ன மொழி? மெட்டு மனத்திலேயே நிற்கிறது. வார்த்தைதான் ஒன்றும் பிடிபடவில்லை.

அக்கா, மாலை 6.11
அது எபிரேயம், அத்தை. ஞாயிறு பள்ளியில் நம் எல்லோரையும் மனப்பாடம் செய்ய வைத்த, பைபிளின் துதிப்பாடல்களில் ஒன்றான 23ஆம் சங்கீதத்தைத்தான் அவன் பாடுகிறான். அமெரிக்க இசையமைப்பாளர் லெனர்ட் பெர்ன்ஸ்டைன் 1965இல் இயற்றிய ‘சிச்செஸ்டர் சங்கீதங்கள்’ என்ற படைப்பின் இரண்டாம் பகுதி அது. இங்கிலாந்தின் தென்பகுதியில் உள்ள சிச்செஸ்டர், வின்செஸ்டர், சாலிஸ்பரி ஆகிய மூன்று பேராலயங்களின் (ஆயரின் தலைமைத் தேவாலயங்களின்) பாடகர் குழுக்களும் ஆண்டுதோறும் கோடையில் கூடி நடத்தும் இசை விழாவுக்காக, சிச்செஸ்டர் பேராலயத்தின் தலைமைக் குருவாக இருந்த வால்ட்டர் ஹஸ்ஸி கேட்டு வாங்கியது.

மாமா, மாலை 6.14
உங்கள் அத்தை ‘தேவதூதன் பாடுகிறான்’ என்று வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறாள். இயற்கையிலேயே இனிய குரல் அமைந்த ஒரு பையனைத் தேடிப்பிடித்து முன்னால் நிறுத்தியிருக்கிறார்கள், அவ்வளவுதானே? மச்சான் என்ன சொல்கிறீர்கள்?

பெரியப்பா, மாலை 6.32
மாப்பிள்ளை, தேவதூதன் என்ற பேச்சைக் கேட்டாலே எனக்குச் சற்று எரிச்சல் வரும். அந்தப் பையனின் உழைப்பையெல்லாம் வானத்துக்கு வரவு வைத்துவிடுகிறோம். இங்கிலாந்தின் பேராலயப் பாடகர் குழுவில் ஒரு சிறுவன் ஏறக்குறைய எட்டு வயதில் சேர்கிறான். முதலில் பயிற்சி நிலை. முழு உறுப்பினனான பிறகே வெள்ளை மேலங்கியை அணிய முடியும். பள்ளி நாள்களில் காலையில் பாடம் தொடங்கும் முன்பே ஒத்திகை, மாலையில் ஆராதனை என்று வாரத்தின் பெரும்பகுதி கழிகிறது. இங்கிலாந்துத் திருச்சபையான ஆங்கிலிக்க சபையின் ஜெபப் புத்தகத்தின் பழைய ஒழுங்கு 150 சங்கீதங்களையும் மாதத்தின் 30 நாள்களுக்குக் காலை, மாலை எனப் பங்கிட்டுத் தந்திருக்கிறது. அதன் சிறு பகுதியையே ஒரு பேராலயம் பின்பற்றினாலும், பையனின் நாவில் எத்தனை சங்கீதங்கள் புழங்கும் என்று பாருங்கள். புதிதாக வந்தவன் மூத்த பையனின் அருகில் நின்று, அவன் எங்கே மூச்செடுக்கிறான், எந்த எழுத்தில் வாயைத் திறக்கிறான் என்று பார்த்தே பாதித் தொழிலைக் கற்றுக்கொள்கிறான். அந்தத் தனிக்குரலில் கமகமும் இல்லை, நடுக்கமும் இல்லை. சுரம் நேராக வந்து நிற்கிறது. குரலை அப்படி ஆட்டாமல் நிறுத்துவது எவ்வளவு கடினம் என்பது பேஸ் என்ற தாழ்ந்த ஆண் குரலில் பாடிய எனக்குத் தெரியும்.

தம்பி, மாலை 6.36
பெர்ன்ஸ்டைன் என்றால் ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’ இசை நாடகத்துக்கு இசையமைத்தவர்தானே? அவரிடம் போய் ஒரு தேவாலயத்துக் குரு எப்படிச் சங்கீதம் கேட்டார்?

அக்கா, மாலை 6.45
அவரேதான், தம்பி. ஹஸ்ஸி அப்படித் துணிந்து கேட்கக்கூடியவர். அதற்கு முன் நார்த்தாம்ப்டனில் ஒரு சாதாரணப் பங்குக் குருவாக இருந்த காலத்திலேயே இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனிடம் இசையும் சிற்பி ஹென்றி மூரிடம் மாதா சிலையும் கேட்டுப் பெற்றவர். பெர்ன்ஸ்டைனுக்கு எழுதியபோது, இசையில் ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’யின் சாயல் சற்றே இருந்தாலும் தங்களில் பலர் மகிழ்வார்கள் என்று குறிப்பிட்டாராம். அவர் விரும்பியது அப்படியே கிடைத்தது. அந்த இசை நாடகத்திலிருந்து வெட்டி நீக்கப்பட்ட ஒரு பாட்டுத்தான், சிறுவனின் பாடலைக் குறுக்கிட்டு ஆண் குரல்கள் சீறும் இடத்தில் உள்ள இசை. சிறுவனின் மெட்டும் பெர்ன்ஸ்டைன் கைவிட்ட வேறொரு நாடகத்துக்காக எழுதிவைத்திருந்ததே.

அத்தை, மாலை 6.48
ஆமாம், அந்தச் சீற்றத்தில் நான் திடுக்கிட்டுவிட்டேன். அமைதியாகப் போய்க்கொண்டிருந்த பாட்டில் ஏன் அப்படி ஒரு கலவரம்?

பெரியப்பா, மாலை 7.10
தங்கச்சி, இந்த இசையின் உயிரே அந்த இடம்தான். முதலில் சிறுவன், ஹார்ப் வாசித்த மேய்ப்பனான இளம் தாவீது பாடுவதுபோல, ‘கர்த்தர் என் மேய்ப்பர்’ என்பதை எந்த அலங்காரமும் இல்லாமல் பாடுகிறான். மரண இருளின் பள்ளத்தாக்கைச் சொல்லும் வசனத்தை, மிக உயர்ந்த குரலில் பாடும் சோப்ரானோக்கள் வாங்கிக்கொள்கிறார்கள். மரபான பேராலயக் குழுவில் சோப்ரானோ என்பதும் சிறுவர்களே ஆகையால், அவனுடைய தோழர்களே அவனிடமிருந்து மெட்டை வாங்கிப் பாடுகிறார்கள். அதன்மேல்தான், ‘ஜாதிகள் கொந்தளிப்பானேன்’ என்று கேட்கும் 2ஆம் சங்கீதத்தை ஆண்கள் அடித்துப் பாடிக்கொண்டு நுழைகிறார்கள். கூச்சல் உச்சத்துக்குப் போனபின் உயர் குரல்கள் மறுபடியும் மேய்ப்பனின் மெட்டைத் தொடங்கும்போது, அச்சுறுத்தலைச் சிறிதும் அறியாத ஆனந்தத்தோடு பாட வேண்டும் என்று பெர்ன்ஸ்டைன் குறிப்பு எழுதியிருக்கிறார். என் கருத்தில், தேர்ந்த ஒரு பெரியவரால் இதைச் செய்வது கடினம். பெரியவர் அறியாமையை நடிப்பார். தம் குரலில் பரிவைச் சேர்ப்பார். நம்மைக் கலங்க வைக்க முயல்வார். பையனுக்கு அந்த எண்ணமே கிடையாது. சுதியும் மூச்சும் எபிரேய உச்சரிப்பும் பிசகக் கூடாது என்பதே அவன் கவலை. கலங்குவது நம் பாடு. கடைசி வசனத்துக்கு அவன் திரும்பி வந்து பாடி முடித்த பிறகும் அடியில் அந்த முறுமுறுப்பு ஓயவில்லை, கவனித்தாயா?

தம்பி, மாலை 7.13
கவனித்தேன், பெரியப்பா. பகுதி முடிந்துவிட்டது என்று நினைத்த நேரத்தில் ஒரு அடி விழுகிறது. ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டேன்.

அத்தை, மாலை 7.16
எல்லாம் சரி, இதை ஒரு சிறுமி பாடக்கூடாதா?

அக்கா, மாலை 7.25
இந்தத் தனிப்பாடலைப் பெண் பாடக்கூடாது, சிறுவனோ உயர்ந்த குரலில் பாடும் கௌண்டர்டெனர் ஆணோதான் பாட வேண்டும் என்று பெர்ன்ஸ்டைன் இசைப்பிரதியிலேயே எழுதிவிட்டார், அத்தை. ஆனால் மற்ற பாடல்களின் நிலை வேறு. அந்த மூன்று பேராலயங்களில் ஒன்றான சாலிஸ்பரிதான் 1991இல் சிறுமியருக்கெனத் தனிப் பாடகர் குழுவைத் தொடங்கியது. அதன்பின் பல பேராலயங்களும் அதே வழியில் வந்தன. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் பையனா பெண்ணா என்று என்னால் சொல்ல முடிவதில்லை.

பெரியப்பா, மாலை 7.31
தாவீதுக்காக அந்த விதி இருந்துவிட்டுப் போகட்டும். அதைக் காட்டி மற்ற இடங்களில் பெண் பிள்ளைகளை வெளியே நிறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை.

மாமா, மாலை 7.36
சரி, உழைப்புத்தான், ஒப்புக்கொண்டேன். அப்படிப் பாடுபட்டுக் கற்ற குரல் எவ்வளவு காலம் நிற்கும்?

பெரியப்பா, மாலை 7.55
அங்கேதான் இடி. பருவ வயதில் குரல்நாண்கள் நீண்டு தடிக்கின்றன. குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி இறங்கிவிடுகிறது. அதாவது பையனுக்கு வித்தை முழுமையாகக் கைவந்து, தனிப்பாடல்கள் அவனைத் தேடி வரும் அந்த ஓரிரண்டு ஆண்டுகளிலேயே கருவி கைநழுவுகிறது. இப்போதெல்லாம் பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலேயே மாற்றம் தொடங்கிவிடுவதால் பாடகர் குழுத் தலைவர்களுக்குக் கிடைக்கும் காலம் இன்னும் குறைவு. எர்னஸ்ட் லஃப் என்ற பையன் 1927இல் லண்டன் டெம்பிள் சர்ச்சில் இசையமைப்பாளர் மெண்டல்சனின் ‘ஹியர் மை பிரேயர்’ என்ற பக்திப் பாடலைப் பாடியபோது அவனுக்கு வயது 15. பேராலயம் இல்லையென்றாலும் குழு அதே மரபைச் சேர்ந்தது. நாய் படம் போட்ட ஹெச்.எம்.வி. நிறுவனம் அந்தத் தேவாலயத்திலேயே பதிவுசெய்து வெளியிட்ட இசைத்தட்டு பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. அச்சுத்தட்டு தேய்ந்துபோனதால் 1928இல் அவனையே மறுபடியும் பாடவைத்துப் பதிவுசெய்தார்கள். நல்ல வேளையாக அப்போதும் அவன் குரல் உடையவில்லை.

அத்தை, மாலை 7.58
நாம் கேட்ட இந்த இசை சிச்செஸ்டரில்தான் முதலில் அரங்கேறியதா?

அக்கா, மாலை 8.04
இல்லை, அத்தை. 1965 ஜூலை 15இல் நியூயார்க்கில் பெர்ன்ஸ்டைனே முதலில் நடத்திவிட்டார். அங்கே பெண்களும் ஆண்களும் கலந்த குழு பாடியது. ஜூலை 31இல் சிச்செஸ்டரில் ஜான் பர்ச் நடத்த, மூன்று பேராலயங்களின் குழுக்களும் சேர்ந்து பாடியபோது பெர்ன்ஸ்டைன் கேட்பவராக அமர்ந்திருந்தார். முழு வாத்தியக் குழுவை அமர்த்த வசதியில்லாத இடங்களுக்காக ஆர்கன், ஹார்ப், தாளக் கருவிகள் மட்டும் போதும் என்று அவரே ஒரு சுருக்கமும் செய்து கொடுத்தார். அந்த வடிவத்தின் பதிவு கிடைத்தால் அனுப்புகிறேன். அதில் சிறுவனின் குரல் இன்னும் தெளிவாகக் கேட்கும்.

தம்பி, மாலை 8.07
பேராலயக் குழுக்களைத் தொடர்ந்து கேட்க ஏதாவது வழி உண்டா, அக்கா?

அக்கா, மாலை 8.12
பிபிசி வானொலி 1926 முதல் மாலை ஆராதனையை ஒலிபரப்பி வருகிறது. இப்போது ரேடியோ 3இல் வாரந்தோறும் வருகிறது. நேரில் வருவதானால் பேராலயத்தின் மாலை ஆராதனைக்குக் கட்டணமே இல்லை. பாடகர்களுக்கு அருகிலேயே உட்கார இடம் தருவார்கள்.

மாமா, மாலை 8.15
விமானக் கட்டணத்தை யார் தருவார்கள் என்பதையும் எழுதியிருக்கலாம். மச்சான், நான் இரண்டாம் பகுதியை இப்போது முதலிலிருந்து கேட்கப் போகிறேன். அந்த அடி எத்தனையாவது நிமிடத்தில் விழும் என்று தம்பி சொல்லட்டும். கையில் காபி இருக்கிறது.